ஐரிஷ் 'கிளஸ்': பச்சையா, சாம்பலா? ஒரு பெயரடைக்கு ஏன் இத்தனை உருவம்?

கேள்வி (வாசகர் ஒருவர்), 2024 பிப்ரவரி 11

டப்ளின் வந்து ஆறு மாதம் ஆகிறது. பையன் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறான். 'கிளஸ்' என்றால் பச்சை என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் சொல்கிறது. நான்கு பக்கம் தள்ளி ஒரு சாம்பல் நிறக் குதிரைப் படம், அதன் கீழும் அதே சொல். போதாததற்கு எழுத்துக்கூட்டு இடத்துக்கு இடம் மாறுகிறது, முதல் எழுத்துக்குப் பின்னால் திடீரென்று ஒரு 'ஹெச்' வந்து உட்காருகிறது. இது ஆங்கிலத்தில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 11, இரவு

அப்படி இல்லை. கண்ணாடிக்கு ஐரிஷில் 'கிளினெ' என்று தனிச்சொல் இருக்கிறது. 'கிளஸ்' ஆங்கிலத்திலிருந்து வாங்கிய சொல் அல்ல, ஐரிஷ், வேல்ஷ் எல்லாம் சேர்ந்த கெல்டிக் மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. மகளின் வீட்டுப்பாடத்தால் நானும் எட்டு வருடமாக இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. முதல் எழுத்தைக் 'கங்கை'யின் முதல் எழுத்துப் போலச் சொல்லுங்கள், 'கல்' போல அல்ல. 'ஹெச்' சேர்ந்த வடிவத்தை இங்கே 'ஃகிளஸ்' என்று எழுதப்போகிறேன். அது எப்படி ஒலிக்கும் என்பதற்கு அப்புறம் வருகிறேன். இந்தச் சொல்லின் கதையே அந்த ஒலியில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12

சொல்லின் பிறப்பு.

வேல்ஸ், கார்ன்வால், பிரான்சின் பிரிட்டனி மூன்று இடத்து மொழியிலும் இதே சொல் இதே எழுத்துக்கூட்டில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுவான பழைய கெல்டிக் வடிவம் 'கிளஸ்தோஸ்' போல இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில், 'கால்' நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) 'கிளஸ்டம்' என்று ஒரு செடி உண்டு, பிரிட்டன் பெண்கள் சில சடங்குகளில் அதை உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்கள் என்கிறார். நீலச்சாயம் தரும் செடி அது, நம் அவுரி தரும் அதே வகைச் சாயம். அந்தச் செடியின் பெயரும் இந்த நிறச்சொல்லும் ஒரே குடும்பம்.

இன்னும் பின்னால் போனால் பளபளப்பு, மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் குறித்த ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் வருகிறது. ஆங்கிலத்தின் 'கோல்டு', 'யெல்லோ' இரண்டும் அந்த வேரில் முளைத்தவை. கிரேக்க 'க்ளோரோஸ்' என்றால் வெளிர்பச்சை, நாம் பள்ளியில் படித்த குளோரினும் குளோரோபில்லும் அதிலிருந்து வந்த பெயர்கள். சமஸ்கிருதத்தில் அதே வேர் 'ஹரி' ஆனது (மஞ்சள், பச்சை இரண்டுமே பொருள்). பொன் என்று பொருள்படும் 'ஹிரண்ய'மும் அதிலிருந்துதான். நம் கதைகளில் வரும் இரணியனும் டப்ளின் புல்லும் எங்கோ ஒரு கிளையில் உறவு! இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆங்கிலக் கண்ணாடிச் சொல்லையும் இதே வேரில் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்த்தாலும் தூரத்துப் பங்காளிதான், தாய் மகள் உறவு இல்லை.

பிப்ரவரி 12, கொஞ்சம் கழித்து

மேலே வேல்ஷையும் ஐரிஷையும் ஒன்றாகச் சொல்லிவிட்டேன். சொல் ஒன்று, பொருள் நகர்ந்துவிட்டது. இன்றைய வேல்ஷில் அது முதன்மையாக நீலம், வானத்தின் நிறம். ஆனால் புல்லுக்கான வேல்ஷ் சொல்லின் முன்பாதியில் 'கிளஸ்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய காலத்தில் அங்கேயும் பச்சைதான் என்பதற்கு அதுவே சாட்சி.

பிப்ரவரி 14

உருவங்களுக்கு வருவோம். மூன்று வருடம் நான் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்து செய்து மறந்தேன். காரணம் புரிந்த பிறகு மறக்கவில்லை. அதனால் காரணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு பெயர்ச்சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'க்னொக்' என்றால் குன்று, ஆண்பால். 'க்ளொஹ்' என்றால் கல், பெண்பால். பச்சைக் குன்று 'க்னொக் கிளஸ்'. சாம்பல் கல் 'க்ளொஹ் ஃகிளஸ்'. பெண்பாலுக்குப் பின்னால் 'ஹெச்' வந்துவிட்டது. ஏன்?

ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் வருடம் முன்பு இந்தச் சொற்களுக்கு வால் இருந்தது. குன்று 'க்னொக்கோஸ்', கல் 'க்ளொகா' என்பது போல. ஆண்பால் சொல் 'ஸ்' என்ற மெய்யில் முடிகிறது, பெண்பால் சொல் 'ஆ' என்ற உயிரில் முடிகிறது. அடுத்து 'கிளஸ்' வரும்போது, குன்றுக்குப் பின்னால் அதன் முதல் எழுத்து ஒரு மெய்யை ஒட்டி நிற்கிறது, இறுகியே இருக்கிறது. கல்லுக்குப் பின்னாலோ முன்னால் உயிர் ஒலி. அங்கே முதல் எழுத்து இளகிவிடுகிறது.

இப்போது 'பகல்' என்று சொல்லிப்பாருங்கள். நடுவில் வருகிற க, 'கல்'லின் க போல இறுகி ஒலிக்கிறதா? இல்லை, தொண்டையில் லேசாக உரசிவிட்டுப் போகிறது. உயிர்களுக்கு நடுவே மாட்டினால் ககரம் இளகும், நமக்கு யாரும் சொல்லித்தராமலே வாயில் வருவது. ஐரிஷிலும் அதேதான் நடந்தது. அப்புறம் சொற்களின் வால் எல்லாம் உதிர்ந்தன. 'ஆ' போய்விட்டது, அது உண்டாக்கிய இளக்கம் மட்டும் அடுத்த சொல்லின் தலையில் தங்கிவிட்டது. அந்த 'ஹெச்' அதன் அடையாளம்தான். நம் இலக்கணக்காரர்கள் கேட்டால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: புணர்ச்சி. நிலைமொழியின் ஈறு அழிந்துபோன பின்பும் வருமொழியில் நிற்கிற புணர்ச்சி.

இனி மற்ற உருவங்கள். 'குன்றின்' என்று ஆறாம் வேற்றுமையில் வரும்போது பழைய வால் 'ஈ'. குன்று 'க்னிக்' என்று மாறும், பெயரடை 'ஃகிளஷ்' ஆகும். முன்பக்கம் இளகியது முந்தைய சொல்லின் ஈகாரத்தால். பின்பக்கம் ஸ் போய் ஷ் ஆனது தன் சொந்த வாலில் இருந்த ஈகாரத்தால். ஐரிஷ் எழுத்தில் இந்த ஷ் ஒலியைக் காட்ட நடுவில் ஓர் 'ஐ' செருகுவார்கள், அவ்வளவுதான். நமக்கு ஸ், ஷ் என்று இரண்டு தனி எழுத்து இருப்பதால் எழுதிக்காட்டுவது இன்னும் சுலபம்.

'கல்லின்' என்பதற்கு 'க்ளெஹெ கிளஷெ'. இங்கே பெண்பாலாக இருந்தும் 'ஹெச்' கிடையாது, பழைய வால் 'ஸ்' என்ற மெய்யில் முடிந்ததால். பன்மைக்கு 'கிளஸ'. குன்றுகள் என்றால் 'க்னிக் ஃகிளஸ', கற்கள் என்றால் 'க்ளொஹ கிளஸ'. 'க்னிக்' போல மெலிந்த மெய்யில், அதாவது ஈகாரச் சாயல் ஏறிய மெய்யில், முடிகிற பன்மைக்குப் பின்னால் மட்டும் இளக்கம் வரும்.

'இன்னும் பச்சையாக' என்ற ஒப்புமைக்கு, பெண்பால் ஆறாம் வேற்றுமையில் பார்த்த அதே 'கிளஷெ'வை எடுத்து முன்னால் 'நீஸ்' சேர்த்தால் போதும்: 'நீஸ் கிளஷெ'. தனியாக ஒன்றும் படிக்க வேண்டாம்.

பிப்ரவரி 15

முக்கியமான விடுபாடு, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். மேலே சொன்ன ஆட்டமெல்லாம் பெயரடை பெயரோடு ஒட்டி நிற்கும்போதுதான். 'கல் சாம்பலாக இருக்கிறது' என்று பயனிலையாகப் போனால் வெறும் 'கிளஸ்'. ஆண்பால் பெண்பால் ஒருமை பன்மை எதுவும் அதைத் தொடாது. பையனிடம் இதை முதலில் சொல்லிக்கொடுங்கள். தேர்வில் பாதி மதிப்பெண் இங்கேதான் போகிறது.

பிப்ரவரி 15, மறுபடி

இன்னொன்றும் நினைவு வந்தது, விட மனசில்லை. 'குன்றுகளின்' என்று சொல்லும்போது 'க்னொக்'கின் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு 'ஜி' எழுதுவார்கள். வாசிக்கும்போது அந்த 'ஜி' மட்டும்தான் கேட்கும், பின்னால் உள்ள 'சி' கேட்காது. பார்க்க விசித்திரமாக இருக்கும். காரணம், முன்னால் நிற்கிற சுட்டுச்சொல்லின் வாலில் ஒரு காலத்தில் மூக்கொலி இருந்தது. மூக்கொலிக்குப் பின்னால் ககரம் என்ன ஆகும்? 'பங்கு', 'சங்கு' சொல்லிப்பாருங்கள்.

கல், பங்கு, பகல். நம் ஒரே ககரத்தின் மூன்று ஒலிகள். ஐரிஷ் இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற முதலெழுத்து மாற்றங்களின் அடிப்படை இதுவேதான். நாம் ஒலியை மாற்றுகிறோம், எழுத்தை மாற்றுவதில்லை. அவர்கள் ஒவ்வொன்றையும் எழுதிக்காட்டுகிறார்கள்.

வேல்ஷ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே இளகிய முதல் எழுத்து இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிடும். நீல வானம் என்னும்போது 'கிளஸ்' வெறும் 'லஸ்' ஆகிறது. நமக்குப் 'போகிறேன்' பேச்சில் 'போறேன்' ஆவது போல.

பிப்ரவரி 18

நிறத்துக்கு வருகிறேன். கேள்வியின் பாதி அதுதானே.

ஐந்து வருடம் முன்பு மகள் ஒரு படத்துக்குக் கீழே பச்சை ஸ்வெட்டரை 'கான்ஸி கிளஸ்' என்று எழுதினாள். 'கிளஸ்'ஸை அடித்துவிட்டு மேலே சிவப்பு மையில் 'ஊயினெ' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அகராதியில் பச்சைக்கு 'கிளஸ்' என்று இருக்கும்போது இது எப்படித் தப்பாகும் என்று எனக்குக் கடுங்கோபம். மகள் அழுதாள். பள்ளிக்கு நீளமாக ஒரு கடிதமே எழுதி வைத்தேன்.

அனுப்பும் முன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். அவர் கானமாராவில் பிறந்தவர், ஏழு வயது வரை ஆங்கிலமே பேசாதவர். குன்றை 'க்னொக்' என்று சொல்ல மாட்டார், மேற்குக் கரை வழக்கப்படி 'க்ரொக்' என்பார். கடிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்தார். கையால் பின்னியது, சாயம் போடாத சாம்பல் கம்பளி. முழங்கையில் வேறு நூலால் தைத்த தழும்பு. மூக்கின் அருகே கொண்டுபோனால் இன்னும் ஆட்டு வாடை. 'இதுதான் கான்ஸி கிளஸ்' என்றார். 'படத்தில் இருப்பது ஊயினெ.'

அவர் விளக்கியது இது. புல், இலை, கடல், வயல், உயிரோடு வளர்கிற பச்சை எல்லாம் 'கிளஸ்'. சாயம் போட்ட பச்சை, பெயின்ட் அடித்த பச்சை 'ஊயினெ'. ஆடு, குதிரை, கம்பளி, மேகமூட்டம் என்று வந்தால் 'கிளஸ்' சாம்பலாகிவிடும். ஆனால் மனிதர் தலையில் நரைத்த முடி 'கிளஸ்' அல்ல, அதற்கு 'லீயஹ்'. உங்கள் பையனின் புத்தகத்துக் குதிரை சரியாகத்தான் இருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பள்ளி சொன்னதே சரி. அழுத குழந்தைக்குக் காரணத்தையும் இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 20

'அப்படியானால் தபால்பெட்டி?' என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இங்கே தபால்பெட்டிகள் எல்லாம் பிரிட்டிஷ் காலத்தில் சிவப்பு, 1922-இல் தனி அரசு வந்ததும் பச்சை அடித்தார்கள். பெட்டியை மாற்றவில்லை, பெயின்ட் மட்டும்தான். எங்கள் தெருமுனைப் பெட்டியில் விக்டோரியா ராணியின் முதலெழுத்துகள் இன்னும் புடைத்து நிற்கின்றன, விரலால் தடவினால் தெரியும். கதவின் விளிம்பில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் பச்சைக்குக் கீழே சிவப்பு.

பெரியவர் கணக்கில் அது 'ஊயினெ', சந்தேகமில்லை. ஆனால் பல இளையவர்கள் எல்லாவற்றையும் 'கிளஸ்' என்றே சொல்கிறார்கள், ஆங்கிலப் பச்சையின் எல்லையை அப்படியே ஐரிஷில் வரைந்துகொள்கிறார்கள். எனவே 18-ஆம் தேதி நான் எழுதியதை இரும்பு விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எனக்கென்னவோ பழைய பிரிவினைதான் பிடித்திருக்கிறது. அது போனால் ஒரு பார்வையே போகிறது என்று தோன்றுகிறது.

பசுமைக் கட்சியின் ஐரிஷ் பெயரில் வருவது 'கிளஸ்'தான். அவர்கள் பேசுவது பெயின்ட்டைப் பற்றி இல்லையே.

பிப்ரவரி 25

இதை எப்படி முதலிலேயே எழுதாமல் விட்டேன்!

'இக்கரைக்கு அக்கரை பச்சை' ஐரிஷில் அப்படியே இருக்கிறது: 'இஸ் கிளஸ் ஈயத் ந க்னிக் அ வத் ஊயின்.' தூரத்துக் குன்றுகள் பச்சை. நமக்கு ஆற்றங்கரை, அவர்களுக்குக் குன்று. இலக்கணத்தையும் கவனியுங்கள்: குன்றுகள் பன்மை, ஆனால் 'கிளஸ்ஸ' என்றோ 'ஃகிளஸ' என்றோ ஆகாமல் 'கிளஸ்' ஒருமையாகவே நிற்கிறது. 15-ஆம் தேதி சொன்ன பயனிலை விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பையனுக்கு இந்தப் பழமொழியை மனப்பாடமாக்கிவிட்டால் விதி தானாக வந்துவிடும்.

பொருளிலும் 'கிளஸ்' நம் 'பச்சை'யோடு நெருங்கி நடக்கிறது. பழுக்காத காய் 'கிளஸ்'. அனுபவம் இல்லாத பிள்ளை 'கிளஸ்', நாம் பச்சைப்பிள்ளை என்பது போல. காய்கறிக்கு 'கிளஸ்ரா', இதே சொல்லின் கிளை. உடம்பில் ஊசியாக இறங்குகிற ஈரக்குளிர் நாளும் 'கிளஸ்'தான், சுடவைக்காத தண்ணீரைப் பச்சைத்தண்ணி என்கிறோமே, அந்தப் பச்சைக்குக் கொஞ்சம் கிட்டே. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, யாரும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். புல் முளைப்பதைப் பார்த்து நிறத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் வழி பிரிகிறது. நம் பச்சை ஒருபோதும் சாம்பலுக்குப் போகாது. மழையில் நனைந்த அட்லாண்டிக் கடலைப் பார்த்தால் அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று புரியும். கால்வேயில் ஒரு நவம்பர் காலை கடற்கரைச் சுவரில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பச்சையா சாம்பலா நீலமா என்று சொல்லவே முடியவில்லை. மேகம் நகர நகர மூன்றும் மாறிமாறி வந்தன. அதற்குப் பெயர் 'கிளஸ்', வேறென்ன?

மார்ச் 2

25-ஆம் தேதிக் குறிப்பில் 'கிளஸ்ஸ' என்று எழுதியது தட்டச்சுப் பிழை, 'கிளஸ' என்று படிக்கவும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஊர்ப்பெயர்கள் பற்றிக் கேட்டவருக்கு: டப்ளினின் 'கிளாஸ்நெவின்' பச்சை அல்ல. அங்கே வருகிற 'கிளஸ்' ஓடையைக் குறிக்கும் பழைய சொல், அகராதியில் தனிப்பதிவு. 1832-இல் திறந்த பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, அதே இடம். 'டக்ளஸ்' என்ற பெயரும் அப்படித்தான், கருப்பு ஓடை. கார்க் பக்கம் அந்தப் பெயரில் ஊரே உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மட்டும் நம் நிறச்சொல் இருக்கிறது, ஆனால் ஐரிஷ் வழியாக அல்ல, வேல்ஷுக்கு நெருங்கிய பழைய மொழி வழியாக. பச்சைப் பள்ளம் என்று பொருள்.

பூட்டுக்கும் 'கிளஸ்' என்றே பெயர். அது மூன்றாவது சொல், நிறத்தோடு சம்பந்தமில்லை.

மார்ச் 9

கொஞ்சம் திசைமாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுமார் கி.பி. 700-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு பழைய ஐரிஷ் பிரசங்கம் பிரான்சின் கேம்பிரே நகரக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கிடைத்திருக்கிறது. மூன்று வகைத் தியாகத்தை மூன்று நிறத்தால் சொல்கிறது. கடவுளுக்காக நேசித்த எல்லாவற்றையும் விட்டுப் பிரிவது வெள்ளை. ரத்தம் சிந்திச் சாவது சிவப்பு. நோன்பாலும் உழைப்பாலும் தன் ஆசைகளை அறுப்பது 'கிளஸ்'. அங்கே அதைப் பச்சை என்று மொழிபெயர்ப்பதா நீலம் என்று மொழிபெயர்ப்பதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பட்டினி கிடந்த முகத்தின் வெளிறிய நிறம் என்றுதான் எனக்குப் படுகிறது. தமிழில் செய்யச் சொன்னால் 'பசலை' என்று போடுவேன். காதலில் வாடியவள் மேனியில் படர்கிற நிறம்தான், இடம் வேறு, ஆனால் பச்சையும் மஞ்சளும் சாம்பலும் கலந்த அந்த வெளிறலுக்கு நம்மிடம் உள்ள ஒரே சொல் அது.

இன்னொரு நிறம், 'கொரம்'. நீலம். கருப்பினத்தவரை மரபான ஐரிஷில் 'நீல மனிதர்' என்றே சொல்வார்கள், 'கருப்பு மனிதன்' என்றால் அங்கே பேய் பிசாசு என்று பொருள் வந்துவிடும். முதலில் கேட்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் கருநிறக் கண்ணனை நீலமேனியன் என்று நாமே பாடுவது நினைவுக்கு வந்தது. இப்போது பல இடங்களில் வேறு சொற்களைப் பரிந்துரைக்கிறார்கள், பிள்ளைகள் அவற்றையே பழகட்டும்.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார்: ஒரு பழைய தெருப்பலகையில் அந்த 'ஹெச்'சைக் காணோம், எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது, பலகை எழுதியவர் தப்பு செய்துவிட்டாரா என்று.

தப்பே இல்லை. அதுதான் பழைய முறை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரிஷுக்கென்று தனி அச்செழுத்து இருந்தது. அதில் இளகிய மெய்யின் தலையில் புள்ளி வைப்பார்கள். ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளி போய், அதன் இடத்தில் 'ஹெச்' வந்தது. டப்ளினின் பழைய பலகைகள் சிலவற்றில் அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது. நம் புள்ளி உயிரை எடுக்கிறது, அவர்கள் புள்ளி மெய்யை இளக்குகிறது.

பையனிடம் 'ஃகிளஸ்' எழுதும்போது 'ஹெச்'சுக்குப் பதில் ஒரு தடவை புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகள் வீட்டு நோட்டில் இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுகிறாள், பள்ளி நோட்டில் மட்டும் 'ஹெச்'. பெரியவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் எழுதப் படித்த எழுத்து அது.